கொழும்பு மாநகரின் வீட்டு வாடகை: 1942இன் பின்

கொழும்பு மாநகரின் வீட்டு வாடகை வரலாற்றைச் சந்தையின் வரலாறாக மட்டும் நோக்குதல் பொருந்தாது. அது பெரிதும் சட்டத்தின் வரலாறேயாகும். 1942 ஏப்பிரலில் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது பெருந்தொகையானோர் நகரைவிட்டு நீங்கினர். எனினும் யுத்தகாலத் தொழில்களும் படையினரின் வருகையும் வீட்டுத் தட்டுப்பாட்டை உண்டாக்கின. அவ்வாண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் இச்சூழலில் எழுந்ததே. யுத்தம் முடிந்தும் கட்டுப்பாடு நீங்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம், 1941 நவம்பரில் நடைமுறையிலிருந்த வரிமதிப்பையே நியம வாடகையின் அடிப்படையாகக் கொண்டது.

விலைவாசி ஏறிச்செல்ல, வாடகை ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞராய் வந்து, சமறியில் சில காலம் ஒதுங்கிப் பின்னர் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ குடும்பத்துடன் குடியமர்ந்தவருக்கு இச்சட்டம் பெருங்காப்பாயிற்று. வீட்டுக்காரரோ கூரை ஒழுகினும் திருத்த மனங்கொள்ளவில்லை. கிடைத்த வாடகையை நோக்கின் அவரை முற்றாகக் குறைகூறவும் இயலாது. சட்டம் விதித்த தொகைக்குப் பற்றுச்சீட்டு, அதற்கு மேற்பட்டதற்குப் பற்றுச்சீட்டின்மை என்பது வழக்கமாயிற்று. புதிதாக வீடு தேடி வந்தவனே இதன் சுமையைத் தாங்கினான்.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் மதிப்பின் அடிப்படையை 1968 சனவரிக்கு மாற்றியது. வாடகைக்காரரை வெளியேற்றுதலையும் அரிதாக்கியது. மறு ஆண்டு, பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்தபோது, வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே தொடர்மாடி உடைமைச் சட்டமும் நிறைவேறியமை பலர் கருத்திற் படாத செய்தி. ஒருவர் பல வீடுகளை வைத்திருத்தலை முன்னது வரையறுக்க, ஒரே கட்டடத்தைப் பலர் மாடிவாரியாக உடைமைகொள்ளப் பின்னது வழி திறந்தது. பிற்காலக் கொழும்பை உருவாக்கியதில் பின்னதன் பங்கே பெரிது எனலாம்.

1980ஆம் ஆண்டுத் திருத்தம், அவ்வாண்டு சனவரி முதலாந் திகதிக்குப் பின் கட்டப்பட்ட குடியிருப்புகளைக் கட்டுப்பாட்டினின்றும் விலக்கியது. ஒரே ஒழுங்கையில், மதிப்பு உறைந்த பழைய வீடும் உரிமையாளர் கேட்டதே வாடகையான புதிய வீடும் அயலாக அமைந்தன. 1983 யூலை வன்செயலில் வீடிழந்து நகரைவிட்டகன்ற தமிழர் பலர். பின்னர் போரினால் வடக்கு, கிழக்கிலிருந்து பெயர்ந்து வந்தோரும், வெளிநாடு செல்லக் காத்திருந்தோரும் வெள்ளவத்தையை நிறைத்தனர். புலம்பெயர்ந்த பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் தொடர்மாடிகள் எழுந்தன; ஓராண்டு வாடகையை முற்பணமாகக் கேட்பதும் இயல்பாயிற்று. அதற்கு வசதியற்றோர் விடுதி அறைகளில் தங்கினர்.

இவ்விடுதிவாசிகளுக்கு வாடகைச் சட்டங்கள் எவையும் காப்பாகவில்லை. 2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில் பொலிசார் கொழும்பு விடுதிகளிலிருந்த தமிழர் சில நூற்றுவரைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினர். மறுநாள் உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அத்தடைக்கு அடிப்படையாயிருந்தது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளேயன்றி, அறுபத்தைந்து ஆண்டுகளாகத் திருத்தித் திருத்தி வளர்க்கப்பட்ட வாடகைச் சட்டமன்று.