கறுத்த காசு

நொய்டா பக்கம் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. இங்கே ஏ.சி. மெக்கானிக் எங்கள் வீட்டுக்கு நெருங்கிய சொந்தக்காரர் மாதிரி. கோடை தவறாமல் வருவார், செம்புக் காயிலைத் தடவிப் பார்ப்பார், "நாலே கி கேஸ், ஸார்" என்பார். பின்னால் ஓடும் சாக்கடையின் வாயு செம்பை அரித்து ஓட்டை போட்டுவிட்டதாம். ஏமாற்றுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன் (நம்ம புத்தி!). அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய வெள்ளிக் குத்துவிளக்கு, தேய்த்து வைத்த சில நாளிலேயே கரிக்கட்டை ஆனபோதுதான் மனிதர் சொன்னது உறைத்தது. நான் சரியாகத் தேய்க்கவில்லை என்பது தங்கமணியின் கட்சி.

வெள்ளியைக் கறுக்க வைக்கும் இந்த வாயு ஹைட்ரஜன் சல்ஃபைடு. கூமுட்டை நாற்றம் என்போமே, அதேதான். அதைப் பற்றிப் படிக்கப் போய், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலிய வைத்தியர் ஒருவரிடம் போய் நின்றேன்.

பெர்னார்டினோ ராமாஸ்ஸினி. மோதெனா நகரில் வைத்தியம் பார்த்தவர். தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி 1700-ல் ஒரு புத்தகம் போட்டார். அந்த எண்ணம் வந்த கதையை அவரே சொல்கிறார். அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த ஆள் பேய் வேகத்தில் வேலை செய்துகொண்டிருந்தாராம். ஏன் இந்த அவசரம் என்று கேட்டதற்கு, நாலு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்று பதில் வந்தது. ஏறி வந்தவரின் கண்கள் சிவந்து மங்கியிருந்தன. வீட்டுக்குப் போய் இருட்டறையில் அடைந்துகிடந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொள்வதுதான் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம். ஊரில் பிச்சையெடுக்கும் பார்வையற்றவர்கள் பலர் இந்த வேலை பார்த்தவர்கள் என்றும் எழுதுகிறார். கூடவே ஒரு சின்னக் குறிப்பு: இவர்கள் பையில் வைத்திருக்கும் செம்புக் காசும் வெள்ளிக் காசும் கறுத்துப்போகும். எங்கள் வீட்டு விளக்கின் அதே கறுப்பு!

பாரிஸ் நகரத்தில் குழி அள்ளியவர்கள் இந்த ஆபத்துக்குப் பெயரே வைத்திருந்தார்கள். கண் எரிச்சலுக்கு 'மித்'. ஆளை அப்படியே சாய்ப்பதற்கு 'ப்ளோம்', அதாவது ஈயம். நெஞ்சில் ஈயக்கட்டியை வைத்த மாதிரி அமுக்குமாம். படித்தவர்கள் இதைக் கவனிக்க வந்தபோது என்ன நடந்தது தெரியுமா? வினிகரை ஊற்றினால் குழியின் விஷம் முறிந்துவிடும் என்று ஒரு வைத்தியர் கிளம்பினார். 1782-ல் பெரிய பெரிய அறிஞர்கள் முன்னிலையில் ஒரு பாரிஸ் வீட்டுக் குழியில் சோதனை. குழியில் விழுந்த தொழிலாளி ஒருவர் செத்துப்போனார். வினிகர் வாசனை நன்றாகத்தான் இருந்திருக்கும். அதைப் பற்றி அல்லே என்கிற மருத்துவர் 1785-ல் வெளியிட்ட விரிவான அறிக்கை மிச்சம்.

வாயு என்ன என்பது இதற்குள் வேதியியல்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்வீடனின் ஷீலே 1770-களிலேயே அதை ஆராய்ந்து எழுதியிருந்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், குழிக்குள் ஆளைக் கொல்வது அதே வாயுதான் என்று பிரெஞ்சுக்காரர்கள் காட்டினார்கள். ஆனால் குழிக்குள் அதைத் தயாரிப்பது யார்?

இதற்குப் பதில் 1895-ல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரிலிருந்து வந்தது. மார்ட்டினஸ் பெய்யரிங்க் என்ற நுண்ணுயிர் விஞ்ஞானி சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவை இனம் கண்டார். நாம் ஆக்ஸிஜனைச் சுவாசிக்கிற இடத்தில் அது சல்ஃபேட்டைப் பயன்படுத்துகிறது. நமக்கு மிச்சம் தண்ணீர், அதற்கு மிச்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றுப் புகாத சேறும் தின்னக் கழிவும் கொஞ்சம் சல்ஃபேட்டும் போதும். சல்ஃபேட்டுக்குப் பஞ்சமேயில்லை, நம் சிறுநீரிலேயே இருக்கிறது. பரம்பரையும் ஆதிகாலத்தது. சுமார் 347 கோடி வருஷப் பழைய ஆஸ்திரேலியப் பாறைகளில் இவற்றின் தடயம் கிடைத்திருக்கிறது. கடலோரச் சேற்றில் மட்குகிற பொருளில் கணிசமான பங்கை மட்க வைப்பவையும் இவைதான். நம் பெருங்குடலில்கூடக் கொஞ்சம் குடியிருக்கின்றன, ஆகவே ரொம்பவும் திட்ட வேண்டாம். மண்ணில் புதைத்த இரும்புக் குழாயை இவை அரிக்கின்றன என்று 1934-ல் இரண்டு டச்சுக்காரர்கள் விளக்கினார்கள். 1945-ல் மெல்போர்னின் பார்க்கர், சாக்கடைக் கான்கிரீட் கரையும் புதிரை விடுவித்தார். அடியில் உள்ள சேற்றிலிருந்து இந்த வாயு எழும்புகிறது, மேற்கூரையில் வேறொரு பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்குகிறது.

ஆக, 1945-க்குள் கதை கிட்டத்தட்ட முழுசாகத் தெரிந்துவிட்டது. சாதாரணமாக நாற்றம் ஒரு எச்சரிக்கை. இந்த வாயு 100 பி.பி.எம். அளவைத் தொட்டால் மூக்கே மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று ஆள் நினைப்பான். 500-ஐத் தாண்டினால் மயக்கம், 1000 பக்கம் போனால் ஓரிரு மூச்சிலேயே விழுவான். அமைதியாகக் கிடக்கும் சேற்றைக் கிளறினால் கரைந்திருந்த வாயு ஒரேயடியாக வெளியே வரும். காற்றைவிடக் கனமானது, குழிக்குள்ளேயே தங்கும். முதலில் விழுந்தவரைத் தூக்க இறங்கிய இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் சாவது இதனால்தான். நம் பத்திரிகைகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்றே செய்தி வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

இங்கே 1993-ல் ஒரு சட்டம் வந்தது, 2013-ல் இன்னொன்று. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. 1993 முதல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்கள் என்று அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்குகளில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. வடக்கே வந்து 'இங்கெல்லாம் இப்படித்தான்' என்று அலுத்துக்கொள்ளும் என் வாய் அதைப் படித்தபின் அடைத்துவிட்டது.

போன மாதம் எங்கள் குடியிருப்பில் டேங்க் சுத்தம் செய்ய லாரி வந்தது. உறிஞ்சு குழாய் அடைத்துக்கொண்டதும், கூட வந்த பையன் மூடியைத் திறந்து கம்பால் கிளற ஆரம்பித்தான். இருபது வயசு இருந்தால் அதிகம். உள்ளே கேஸ் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வாய் என்று கேட்டேன். மூக்கைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான். "இறங்காதே தம்பி" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லி, அடைப்பு விடும்வரை அங்கேயே நின்றேன். அவன் இறங்கவில்லை. இறங்க வேண்டிய அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வாயு அளக்கும் கருவி ஒன்று வாங்கலாம் என்றேன். அதெல்லாம் காண்ட்ராக்டர் பாடு என்றார் பொருளாளர். விலை விசாரித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த சுத்தம் ஜனவரியில்.