கேம் கன்ட்ரோலர்: வயர் இணைப்பும் வயர்லெஸ் இணைப்பும்

வீடியோ கேம் கன்ட்ரோலரில் பொத்தானை அழுத்தியதும் அந்தச் செய்தி வயர் வழியாகவோ ரேடியோ அலையாகவோ கேம் கருவியைச் சென்றடைகிறது. அடாரி நிறுவனம் 1983இலேயே ரேடியோ ஜாய்ஸ்டிக்கை விற்றது. பின்னர் அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் கன்ட்ரோலர்களும் வந்தன. குறுக்கே ஆள் நடந்தால் அவற்றின் தொடர்பு அறுந்துவிடும். வயர் இருந்தால் கால் தடுக்கும். அதனால் 2001இல் வெளியான முதல் எக்ஸ்பாக்ஸின் வயர், இழுபட்டால் நடுவிலேயே கழன்றுகொள்ளும்படி அமைக்கப்பட்டது.

வயர்லெஸ்ஸை நம்பி ஆடலாம் என்று காட்டியது, நின்டென்டோ 2002இல் தன் கேம்கியூப் கருவிக்காக வெளியிட்ட வேவ்பேர்ட் கன்ட்ரோலர். 2.4 கிகாஹெர்ட்ஸில் 16 சேனல்கள், இரண்டு ஏஏ பேட்டரிகள். அதிர்வு வசதி மட்டும் இல்லை. எக்ஸ்பாக்ஸ் 360 (2005), பிளேஸ்டேஷன் 3 (2006) ஆகியவற்றுக்குப் பின் வயர்லெஸ்ஸே வழக்கமாகிவிட்டது.

வயர்லெஸ்ஸில் பொத்தான் செய்தி தாமதமாகும் என்ற அச்சம் பெரும்பாலும் மிகையானது. நொடிக்கு 60 படங்கள் ஓடும் ஆட்டத்தில் ஒரு படம் திரையில் நிற்பது சுமார் 16.7 மில்லிநொடி. யூ.எஸ்.பி. வழியாகக் கன்ட்ரோலரை நொடிக்கு 125 முறை கேட்டால் இடைவெளி 8 மில்லிநொடி; 1000 முறை கேட்டால் 1 மில்லிநொடி. ஆகவே வயர் என்பதாலேயே வேகம் வந்துவிடாது. படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் பல வேளைகளில் இவற்றைவிட அதிகம். வயர் வாங்கும் முன், அந்த மெருகேற்றலைக் குறைக்கும் கேம் மோடை டிவியில் போட்டுப் பார்ப்பதே சரி.

வயரைச் சொருகினாலே வயர் இணைப்பு ஆகிவிடும் என்பதும் இல்லை. பிளேஸ்டேஷன் 4இன் முதல் டூயல்ஷாக் 4 கன்ட்ரோலர், யூ.எஸ்.பி. வயரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதும் பொத்தான் செய்திகளை ப்ளூடூத்தில்தான் அனுப்பியது. 2016இல் வந்த திருத்தப்பட்ட மாடலில்தான் அவை வயர் வழியே போயின.

வயரின் உண்மையான பலம் போட்டி அரங்கில் தெரியும். வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நெருக்கியடிக்கும் கூட்டத்தில் சிக்னல் தடுமாறலாம். இணைப்பைத் துண்டிக்காமல் எழுந்துபோன முந்தைய ஆட்டக்காரர் தெரியாமல் ஒரு பொத்தானை அழுத்தினால், அடுத்தவர்களின் ஆட்டம் பாதியில் நின்றுவிடும். சண்டை விளையாட்டுப் போட்டிகளில் வயர் விரும்பப்படுவதற்கு இது முக்கியக் காரணம்.

வீட்டில் ஆடுவோர் கவனிக்க வேண்டியது பேட்டரியை. உள்ளே பதித்த லித்தியம் பேட்டரி ஆண்டுகள் போகப் போகச் சார்ஜைத் தாங்காது. யூ.எஸ்.பி. வயரிலும் இயங்கும் வயர்லெஸ் கன்ட்ரோலர் என்றால், அதன்பிறகும் வயரைச் சொருகித் தொடர்ந்து ஆடலாம்.