கடற்கரைச் சாலையில் பேரன் கேட்ட கேள்வி

சென்ற கோடை விடுமுறையில் பேரனையும் பேத்தியையும் புதுச்சேரிக்கு அழைத்துப் போயிருந்தேன். பேரனுக்குப் பதினொரு வயது, பேத்திக்கு எட்டு. இருவரும் பாப்பாரப்பட்டியில் வளர்ந்தவர்கள். கடலைப் பார்த்ததில்லை. "ஏரி மாதிரி இருக்குமா தாத்தா?" என்று பேத்தி கேட்டுக்கொண்டே வந்தாள்.

நான் புதுச்சேரிக்காரன் என்பது நம்மூர் நண்பர்களுக்குத் தெரியும். அங்கே பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே அரசு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மகனுக்கு இந்தப் பக்கம் வேலை அமைந்ததால் நானும் இங்கே வந்து சேர்ந்தேன்.

தருமபுரி, அரூர், திருவண்ணாமலை வழியாகப் போனோம். செஞ்சி வந்ததும் பிள்ளைகளுக்குக் கோட்டையைக் காட்டினேன். 1750ல் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி அந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர் பெயரில் புதுச்சேரியில் இன்னமும் ஒரு வீதி இருக்கிறது. "அங்கே போனதும் செஞ்சித் தூண்களைக் காட்டுகிறேன்" என்று சொல்லி வைத்தேன்.

கடற்கரைச் சாலை சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அதற்குப் பெயர் கூர் ஷப்ரோல். இப்போது குபேர் அவென்யு. புதுச்சேரியின் முதலமைச்சராக இருந்த எதுவார் குபேர் பெயர் அது. ஆனால் ஊரார் வாயில் என்றைக்கும் 'பீச்சு'தான். மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு சாலை முழுவதும் நடப்பவர்களுக்குச் சொந்தம்.

பிள்ளைகள் கடலைப் பார்த்துச் சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு பேத்தி, "மணல் எங்கே தாத்தா?" என்றாள். நியாயமான கேள்வி. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அங்கே மணலில் ஓடி விளையாடியிருக்கிறோம். நம் கிழக்குக் கரையில் அலைகள் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைக் கொண்டுபோகும். 1980களில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். மணல் அதற்குத் தெற்கிலேயே தங்கிவிட்டது. இந்தப் பக்கம் இருந்ததைக் கடல் அரித்துவிட்டது. மிச்சம் கருங்கல் குவியல்தான். 2018ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் பெரிய இரும்பு அமைப்பு ஒன்றை இறக்கிய பிறகு அந்தப் பகுதியில் மட்டும் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. பிள்ளைகளை அங்கேதான் விளையாட விட்டேன்.

பிறகு தெற்கு நோக்கி நடந்தோம். முதலில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்டவர்களுக்காக 1938ல் திறந்தது. அடுத்து 1836ல் முதன்முதலாக விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம். அதன் அருகே காந்தி சிலை. அதைச் சுற்றியுள்ள உயரமான கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை என்பார்கள். பேரன் ஓடிப்போய் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தான். கை எட்டவில்லை.

தெற்குக் கோடியில் சிறுவர் பூங்கா. அங்கே ஆளுநர் துய்ப்ளெக்ஸ் நிற்கிறார். 1870ல் வைத்த சிலை. முன்பு வேறு இடத்தில் இருந்தவரை, ஆட்சி மாறிய பிறகு இங்கே கொண்டுவந்து விட்டார்கள். "இவர் யார் தாத்தா?" என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பள்ளியில் மனப்பாடம் செய்ததெல்லாம் ஒப்பித்தேன்.

பேரன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாரதியார் இந்த ஊரில்தானே இருந்தார்? அவர் இங்கே வந்திருப்பாரா?" என்றான். 1908 முதல் 1918 வரை பத்து வருடம் இந்த ஊரில் இருந்தவர், இந்தக் கடற்கரைக்கு வராமலா இருந்திருப்பார் என்றேன். அடுத்த கேள்விதான் என்னை உட்கார வைத்துவிட்டது.

"அப்போ நம்ம ஊர் சிவா ஏன் தாத்தா இங்கே வரலை? வந்திருந்தா அவருக்கு அந்த நோய் வந்திருக்காதே?"

நம் ஊர் சிவா என்று அவன் சொன்னது தியாகி சுப்பிரமணிய சிவாவை. பள்ளியிலிருந்து நினைவிடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். எனக்கோ எங்கள் பாடப் புத்தகத்தில் துய்ப்ளெக்ஸ் உண்டு, நெப்போலியன் உண்டு, சிவா கிடையாது. அறுபது வயதுக்கு மேல் பாப்பாரப்பட்டிக்கு வந்த பிறகுதான் அவரைப் பற்றிப் படித்தேன். அந்தக் கடற்கரைச் சுவரில் அத்தனை வருடம் உட்கார்ந்து காற்று வாங்கியவனுக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றவில்லை.

தெரிந்தவரை சொன்னேன். "கண்ணு, அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. 1908 மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யையும் அவரையும் சேர்த்துக் கைது செய்துவிட்டார்கள். ஜூலையில் சிவாவுக்குப் பத்து வருடத் தண்டனை. அது பிறகு ஆறு வருடமாகக் குறைந்தது. அதே வருடம்தான் சென்னையில் 'இந்தியா' பத்திரிகை மேல் வழக்கு வந்தது. பாரதி இங்கே வந்துவிட்டார். இது பிரெஞ்சு மண். பிரிட்டிஷ் போலீஸ் வேவு பார்க்கலாம், பிடித்துப்போக முடியாது."

பாரதிக்கும் இது சுதந்திரம் என்று சொல்வதற்கில்லை. ஊருக்குச் சற்று வெளியே போனாலே பிரிட்டிஷ் எல்லை. 1918 நவம்பரில் அவர் புறப்பட்டதும் கடலூரில் பிடித்துவிட்டார்கள். கிழக்கே கடலும் மற்றப் பக்கம் போலீசுமாகப் பத்து வருடம் ஓட்டியிருக்கிறார்.

சிவாவுக்கு அந்தக் கடல் காற்றும் இல்லை. 1912ல் வெளியே வரும்போது சிறையில் வாங்கிய தொழுநோய் உடம்பில் இருந்தது. ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தார்கள். நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போனார். கடைசியில் நம் பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட நினைத்தார். 1923ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புவதற்குள் 1925 ஜூலை 23ஆம் தேதி சிவா இங்கேயே காலமானார். நாற்பது வயதுதான்.

பேரன் கொஞ்ச நேரம் கடலையே பார்த்தான். "கொஞ்ச நாள் முன்னாடியே வந்திருக்கலாம்" என்றான். வந்திருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை. பெரியவனாகி அவனே யோசிக்கட்டும்.

ஊர் திரும்பி, ஜூலை 23 அன்று மூவரும் நினைவிடத்துக்குப் போனோம். நான் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். உள்ளே பேரன் தங்கைக்கு விளக்கிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "பாரதியாருக்குப் பீச்சு இருந்துச்சு, இவருக்கு நம்ம ஊர்தான் இருந்துச்சு."

நண்பர்களே, பேரப்பிள்ளைகளைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போகிறவர்கள் அவசியம் கடற்கரைச் சாலையில் நடந்து காட்டுங்கள். சாயங்காலம் 6 மணிக்கு மேல் போனால் வண்டித் தொல்லை இருக்காது. ஆனால் புறப்படுவதற்கு முன் நம் ஊர் நினைவிடத்தை ஒருமுறை காட்டிவிடுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும்.