விளையாட்டுவழி ஆங்கிலம் கற்பித்தல்

குழந்தைகளுக்கு ஆங்கிலத்தை விளையாட்டின் வழியே கற்பிப்பது, அம்மொழி வீட்டில் புழங்காத நாடுகள் பலவற்றின் தொடக்கப் பள்ளிகளில் இன்று ஏற்கப்பட்ட முறை. விதி, இலக்கு, முடிவு ஆகிய மூன்றும் உள்ள செயலே இங்கு விளையாட்டு எனப்படுகிறது. பாட்டும் நடிப்பும் இதற்கு நெருங்கியவை என்றாலும் வேறு வகை. ஆண்ட்ரூ ரைட், டேவிட் பெட்டரிட்ஜ், மைக்கேல் பக்பி ஆகிய மூவர் எழுதி 1979இல் வெளிவந்த 'கேம்ஸ் ஃபார் லாங்குவேஜ் லேர்னிங்' என்ற ஆசிரியர் கைந்நூல் பல பதிப்புகள் கண்டது. இம்முறைக்கு ஆதரவாக வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், குழந்தைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்பது. அது உண்மை, ஆனால் போதுமான காரணம் அன்று. ஒரு சொல் ஆங்கிலம் இல்லாமலே குழந்தைகள் மணிக்கணக்கில் மகிழ்ந்து ஆடுவார்கள். ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளாமலோ பேசாமலோ ஆட்டம் நகரவே நகராது என்ற நிலை இருந்தால்தான் விளையாட்டு மொழியைக் கற்பிக்கும். சான்றுகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன.

விளையாட்டு மொழியைக் கற்பிக்கும் வழிகளுள் முதலாவது, கேட்டுச் செய்வது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் ரஷ்ய, ஜப்பானிய மொழிகளைக் கொண்டு சோதனைகள் செய்தார். கட்டளையைக் கேட்டு உடலால் செய்தவர்கள், பிறர் செய்வதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களைவிட அதை நன்றாக நினைவில் வைத்திருந்தனர். கட்டளை அப்பெயரோடு தொடங்கினால் மட்டுமே செய்ய வேண்டிய 'சைமன் சேய்ஸ்' ஆட்டத்தில் நடப்பதும் இதுதான். தலைவர் சொல்லும் வாக்கியத்தை முழுதாகக் கேட்டால்தான் செய்வதா நிற்பதா, செய்வது என்ன என்று தெரியும். வாய் திறக்கக் கூச்சப்படும் குழந்தையும் இதில் முழுப் பங்கு பெறும். அடுத்தது திரும்பத் திரும்பச் சொல்வது. தமிழ்க் குழந்தைகளின் 'பூப்பறிக்க வருகிறோம்' ஆட்டத்தில் ஒரே கேள்வியும் ஒரே பதிலும் எத்தனையோ முறை வருகின்றன, யாருக்கும் சலிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் அழைக்கப்படும் ஆள் மாறுகிறார், பந்தயமும் புதிதாகிறது. ஆங்கிலத்தில் 'டூ யூ ஹேவ்' என்று தொடங்கும் கேள்வியை வகுப்பில் பத்து முறை ஒப்பிக்கச் சொன்னால் உயிரற்றுப் போகும். 'கோ ஃபிஷ்' சீட்டாட்டத்தில் அப்படிக் கேட்டால்தான் சீட்டு கிடைக்கும் என்பதால் குழந்தை தானாகக் கேட்கும். மூன்றாவது, நினைவிலிருந்து எடுப்பது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், படித்ததை மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னணியில் இருந்தனர். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். அது கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனை, குழந்தைகளிடம் அன்று. ஆனாலும் ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை நினைவிலிருந்து எழுதி நம் பள்ளிகளில் நெடுங்காலமாக ஆடப்படும் 'நேம், பிளேஸ், அனிமல், திங்' ஏன் சொல்வளத்துக்கு உதவுகிறது என்பதை இது விளக்குகிறது.

பேச்சுக்கு வரும்போது ஆட்டத்தின் அமைப்பு இன்னும் முக்கியமாகிறது. ஒரே படத்தில் சிறு வேறுபாடுகள் செய்து, ஆளுக்கொன்றாக இருவரிடம் கொடுத்து, காட்டாமல் பேசியே வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால், ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. பேசித்தான் ஆக வேண்டும். இவ்வகைச் சிந்தனைக்குத் தென்னிந்தியாவில் நடந்த ஒரு முயற்சி உலக அளவில் அடித்தளம் அமைத்தது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில பள்ளிகளில் இலக்கணப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, வரைபடம், ரயில் கால அட்டவணை, புதிர் ஆகியவற்றைக் கொண்டு ஆங்கிலம் கற்பிக்கச் செய்தார். அவை எல்லாம் விளையாட்டு அல்ல. ஆனால் விடையைக் கண்டுபிடிக்க மொழி தேவை என்ற அதே விதியில் இயங்கியவை. ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் செய்த மதிப்பீடு 1985இல் வெளிவந்தது. இலக்கண அமைப்பைச் சோதிக்கும் தேர்வில் வழக்கமான வகுப்புகளும், கற்றதைப் பயன்படுத்தும் தேர்வுகளில் பிரபுவின் வகுப்புகளும் மேலாக இருந்தன.

அந்த மதிப்பீடே முதல் மறுப்புக்கும் இடம் தருகிறது: ஆடிப் பேசும் குழந்தை தவறாகவே பேசிப் பழகிவிடாதா? கனடாவில் பிற பாடங்களையும் இரண்டாம் மொழியான பிரெஞ்சிலேயே படித்த மாணவர்களை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன், பல ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்கள் பேச்சில் இலக்கணப் பிழைகள் நின்றதை 1985இல் காட்டினார். எனவே இம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆட்டத்தை நடுவில் நிறுத்தித் திருத்துவது அதற்குத் தீர்வு அன்று. ஆட்டம் முடிந்ததும் காதில் விழுந்த நாலைந்து பிழைகளைக் கரும்பலகையில் எழுதிப் பேசுவதே தீர்வு. விளையாட்டு பாடத்தின் ஒரு பகுதி, முழுப் பாடம் அன்று. ஆட்டச் சூட்டில் பிள்ளைகள் தமிழுக்குத் தாவிவிடுகிறார்கள் என்ற புகார் வேறு வகை. 'மை டர்ன்', 'யூ ஆர் அவுட்' போன்ற ஆட்டத் தொடர்களை முன்கூட்டியே சொல்லித்தராததே பெரும்பாலும் அதற்குக் காரணம். ஆட்ட விதியைத் தமிழில் விளக்குவதில் எந்தக் குறையும் இல்லை, நேரம்தான் மிச்சமாகும்.

போட்டியைப் பற்றிய அச்சம் இதைவிடக் கனமானது. தோற்றவர் வெளியேறும் ஆட்டத்தில் முதலில் வெளியேறுவது, பயிற்சி மிகவும் தேவைப்படும் குழந்தைதான். வெளியேற்றத்தை எடுத்துவிட்டுப் புள்ளி முறை வைக்கலாம், குழுவாக ஆடச் சொல்லலாம். பரிசும் வேண்டாம். விரும்பிப் படம் வரைந்துகொண்டிருந்த மழலையருக்குப் பரிசு தருவதாகச் சொல்லி வரையவைத்தபோது, பின்னர் அவர்களது ஆர்வம் குறைந்ததை மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1973இலேயே கண்டனர். பாடத்திட்டத்தை முடிக்க நேரம் இல்லை, வகுப்பில் பிள்ளைகள் அதிகம் என்ற கவலைகள் உண்மையானவை. ஆனால் நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவராகக் கேட்டால் ஒரு பாடவேளையில் ஒரு குழந்தை ஒரு வாக்கியம் பேசினாலே பெரிது. இருவர் இருவராக ஆடினால் இருபது பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். சத்தம் வரும், அது பேச்சின் சத்தம். தமிழ்நாட்டில் 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தமிழ், கணிதத்தோடு ஆங்கிலத்துக்கும் செயல்பாடுகளை வகுப்பறைக்குள் கொண்டுவந்திருப்பது சரியான திசை.

கைப்பேசிச் செயலிகளில் வரும் ஆட்டங்கள் சொல்லையும் படத்தையும் பொருத்துவதற்கு உதவும். எதிரே பேச ஆள் இல்லாததால் உரையாடலுக்கு அவை மாற்றாகா. வகுப்பறை ஆட்டங்களிலும் எல்லாம் ஒரே தரம் அல்ல. 'ஹேங்மேன்' எழுத்துக்கூட்டலுக்கு ஓரளவு பயன்படும், ஆனால் பெரும்பாலான நேரம் எழுத்துகளை ஊகிப்பதிலேயே போய்விடும். ஆசிரியர்களும் பெற்றோரும் ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், பத்து நிமிடத்தில் ஒவ்வொரு குழந்தையும் எத்தனை ஆங்கில வாக்கியங்களைப் புரிந்துகொண்டு செயல்படும், எத்தனையைத் தானே பேசும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். விடை ஒன்றிரண்டு என்றால், அந்த ஆட்டத்தை மைதானத்துக்கு விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.