முதுகெலும்பை இழுத்தலும் சுமையை இறக்குதலும்

நாள்பட்ட முதுகுவலிக்கும் கழுத்துவலிக்கும் ‘அறுவையற்ற முதுகுத்தண்டு அழுத்தநீக்கம்’ என்னும் சிகிச்சை இன்று நம் பெருநகரங்களில் பரவலாக விளம்பரப்படுத்தப்படுகிறது. நோயாளியை மேசைமீது கிடத்தி, மார்பிலும் இடுப்பிலும் பட்டைகளைப் பூட்டி, கணினியின் கட்டுப்பாட்டில் முதுகெலும்பைச் சிறிது சிறிதாக இழுத்துத் தளர்த்துவர். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டின்மீது அழுத்தம் குறைந்தால், பிதுங்கிய வட்டு நரம்பை நெருக்குவதும் குறையும் என்பது இதன் அடிப்படைக் கருதுகோள். பெயர் புதிது, செயல் மிகப் பழையது.

ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய கிரேக்க நூல், நோயாளியைப் பலகையில் கிடத்தி இருபுறமும் இழுத்துக்கொண்டே கூனை அழுத்தும் முறையை விவரிக்கிறது. ஏணியில் கட்டி உதறும் முறையையும் அது கூறுகிறது. கூடவே, கூட்டத்தை வியக்கவைக்க விரும்புவோரே அதை மிகுதியாகக் கையாள்கின்றனர் என்று எச்சரிக்கவும் செய்கிறது. 1877இல் அமெரிக்க மருத்துவர் லூயிஸ் சேயர், நோயாளியைத் தொங்கவிட்டு முதுகெலும்பை நீட்டி, அந்நிலையிலேயே மாவுக்கட்டுப் போடும் முறையை நூலாக வெளியிட்டார். 1934இல் மிக்ஸ்டரும் பாரும் வட்டுப் பிதுக்கத்தையும் நரம்பு நெருக்கத்தையும் தொடர்புபடுத்திய பின்னரே, இழுத்தலுக்கு நவீன உடலியல் விளக்கமொன்று வாய்த்தது. 1990களில் அதே செயல் விசைமேசைகளில் ஏறி, ‘இழுவை’ என்ற பெயரை விட்டு ‘அழுத்தநீக்கம்’ ஆயிற்று.

இப்பெயர் மாற்றம் கவனிக்கத்தக்கது. ‘இழுவை’ என்பது செய்வதைச் சொல்லும் சொல். ‘அழுத்தநீக்கம்’ என்பது விளைவை உறுதியளிக்கும் சொல். அவ்வுறுதிக்கான சான்று வலுவாக இல்லை. 32 ஆய்வுகளையும் 2,762 நோயாளிகளையும் உள்ளடக்கிய 2013ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, இடுப்புவலியில் இழுவையால் வலி, இயக்கம், பணிக்குத் திரும்புதல் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறிது அல்லது இல்லை என்று முடிவு கூறியது. 2016இல் பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி நெறி, இடுப்புவலிக்கு இழுவையை அளிக்க வேண்டாம் என்றது. வட்டுப் பிதுக்கங்களுள் பெரும்பாலானவை அறுவையின்றியே காலப்போக்கில் தணிகின்றன. எனவே, மேசையில் படுத்தவர் குணமடைந்தார் என்பதனாலேயே மேசை குணப்படுத்தியது என்றாகிவிடாது.

நம் மரபிலும் இழுத்தல் உண்டு. சித்த மருத்துவம் கூறும் ஒன்பது வகைத் தொக்கணங்களுள் ‘இழுத்தல்’ ஒன்று. ஆனால் நம் நிலப்பரப்பில் இதனினும் பரவலாகத் தெரியும் மற்றொரு மரபும் உண்டு: முதுகை இழுப்பதற்கு மாறாக, அதன்மீதுள்ள சுமையை இறக்குவது.

தமிழகச் சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கற்களை அறிவோம். இரு தூண்களும் அவற்றின்மேல் ஒரு குறுக்குக் கல்லும் கொண்ட இவ்வமைப்பின் நுட்பம் அதன் உயரத்தில் உள்ளது. பிறர் துணையின்றி, குனியாமல், தலைச்சுமையை இறக்கி மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். சுமையோடு குனியும்போது வட்டின் உள்ளழுத்தம் பெருமளவு ஏறுவதைச் சுவீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் ஊசி செலுத்தி அளந்து காட்டினார். கல் நட்டவர்கள் அதை அனுபவத்தால் அறிந்திருந்தனர். இக்கல்லுக்கு மலையாளத்தில் ‘அத்தாணி’ என்று பெயர். தமிழில் அத்தாணி அரசவை மண்டபம். கேரளத்தில் அது வழிப்போக்கனின் சுமைதாங்கி. நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு அருகில் அப்பெயரிலேயே ஓர் ஊர் உண்டு. குடும்பத்தைத் தாங்குபவரையும் மலையாளிகள் ‘அத்தாணி’ என்றே சொல்வர்.

அத்தகைய மனித அத்தாணிகளின் ஊர் கொச்சியின் மட்டாஞ்சேரி. மிளகு, இஞ்சி, அரிசி மூட்டைகள் கிடங்குகளுக்கும் படகுகளுக்கும் இடையே மனிதத் தலைகளிலும் முதுகுகளிலும்தான் சென்றன. தமிழின் ‘சும்மாடு’ தலைக்கும் சுமைக்கும் இடையே வைக்கும் துணிச்சுருள். மலையாளத்தின் ‘சுமடு’ சுமையே. தொழிலாளி ‘சுமட்டுத் தொழிலாளி’ ஆனார். துறைமுக வேலை ‘சாப்பா’ முறையில் பகிரப்பட்டது. காத்திருக்கும் கூட்டத்தினிடையே உலோக வில்லைகள் வீசப்படும், பிடித்தவருக்கு வேலை. தாவிப் பிடிக்க இயலாத முதுகுக்கு அன்று கூலி இல்லை. வலியை மறைப்பது பிழைப்பின் நிபந்தனையாக இருந்தது. இம்முறையை எதிர்த்த போராட்டத்தின்போது, 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கியால் சுட்டதில் சையதும் சைதலவியும் உயிரிழந்தனர். காவலில் துன்புறுத்தப்பட்ட ஆன்றணியும் இறந்தார்.

1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வயதுவந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவை மிஞ்சலாகாது என்று பரிந்துரைத்தது. 1978இல் கேரளம் சுமட்டுத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. அங்கு 75 கிலோவாக இருந்த உச்சவரம்பை 55 கிலோவாகக் குறைக்க அரசு முடிவெடுத்தது அண்மைக் காலத்தில்தான். இடைப்பட்ட பல பத்தாண்டுகளும் அந்த இருபது கிலோவும் யாருடைய முதுகில் இருந்தன என்பது வரலாற்றுக் கேள்வி.

சாப்பாவுக்கு எதிரான போராட்டம் கூலியையும் மாண்பையும் பற்றியதாகவே எழுதப்படுகிறது, அது சரியே. உடலைப் பற்றியதாகவும் அதை வாசிக்கலாம். ஓய்வெடுக்கும் உரிமையும், வலித்தால் வலிக்கிறது என்று சொல்லும் உரிமையும், எடைக்கு ஒரு வரம்பும் தொழிலாளி உடலுக்குக் கிடைத்த அழுத்தநீக்கங்களே. விசைமேசைக்கு இன்றும் கிட்டாத உறுதியான தருக்கம் இவற்றுக்கு உண்டு: இவை காரணத்தைத் தொடுகின்றன.

தொழிலாளர் வரலாற்றிலும் மருத்துவ வரலாற்றிலும் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வல்லார்பாடம் கொள்கலன் முனையம் 2011இல் திறக்கப்பட்ட பின் துறைமுகச் சுமைகளுள் பெரும்பகுதி இயந்திரங்களுக்கு மாறிவிட்டது. மூட்டை சுமந்த தலைமுறை முதுமையில் இருக்கிறது. அவர்களிடம் சங்க வரலாற்றைக் கேட்கும்போது, எந்த வயதில் முதுகு வலிக்கத் தொடங்கியது, யாரிடம் சென்றார்கள், அதற்கு என்ன பெயர் சொன்னார்கள் என்பதையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.