தரவுத்தள வழங்கி மென்பொருள் உரிமம்

தரவுத்தள வழங்கி மென்பொருள் உரிமம் என்பது, தரவுத்தள வழங்கியாக இயங்கும் ஒரு மென்பொருளை எந்தக் கணினியில், எத்தனை பேர், எந்த நோக்கத்திற்காகப் பயன்படுத்தலாம் என்பதை வரையறுக்கும் ஒப்பந்தம் ஆகும். மென்பொருளை வாங்குபவர் அதன் உரிமையாளர் ஆவதில்லை. பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே பெறுகின்றார். ஆதலால் ஒரே மென்பொருளின் விலை, உரிமம் கணக்கிடப்படும் முறையைப் பொறுத்துப் பன்மடங்கு வேறுபடக்கூடும். திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம், காக்களூர் தொழிற்பேட்டை ஆகியவற்றில் உள்ளவை போன்ற சிறு தொழிற்கூடங்களுக்கும், வேப்பம்பட்டுச் சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் மாணவர்களுக்கும் இவ்வேறுபாட்டை அறிதல் பயன்தரும்.

கணக்கிடும் முறைகள்

வணிகத் தரவுத்தளங்களின் உரிமம் பொதுவாக இரு வழிகளில் கணக்கிடப்படுகின்றது.

* செயலி முறை: வழங்கிக் கணினியின் செயலிகளையோ அவற்றிலுள்ள கோர்களையோ எண்ணுவது. பயனர் எண்ணிக்கைக்கு வரம்பில்லை.
* பயனர் முறை: வழங்கியை அணுகும் ஆட்களையோ கருவிகளையோ எண்ணுவது.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2012 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் எஸ்கியூஎல் சர்வரைக் கோர் கணக்கில் விற்கின்றது. உரிமங்கள் இரண்டு கோர் கொண்ட தொகுப்புகளாக விற்கப்படுகின்றன. ஒரு செயலிக்குக் குறைந்தது நான்கு கோர்களுக்கு உரிமம் பெறவேண்டும். ஸ்டாண்டர்ட் பதிப்பை மட்டும் வழங்கி உரிமம், அணுகல் உரிமம் என்ற இணையாகவும் வாங்கலாம். அணுகல் உரிமத்தை ஆளுக்கொன்றாகவோ கருவிக்கொன்றாகவோ பெறலாம்.

ஆரக்கிள் நிறுவனத்தின் எண்டர்பிரைஸ் பதிப்பில் கோர் எண்ணிக்கை ஒரு காரணியால் பெருக்கப்படுகின்றது. இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கு அக்காரணி 0.5 ஆகும். ஸ்டாண்டர்ட் எடிசன் 2 பதிப்பில் கோர்கள் எண்ணப்படுவதில்லை. செயலி பொருத்தப்படும் இடங்களே எண்ணப்படுகின்றன.

எடுத்துக்காட்டு

8 கோர் கொண்ட ஒரு செயலியுடன் கூடிய வழங்கியும், அதனை அணுகும் 12 கணினிகளும் உள்ள ஒரு தொழிற்கூடத்தைக் கொள்வோம். எஸ்கியூஎல் சர்வர் 2022 ஸ்டாண்டர்ட் பதிப்பின் அமெரிக்கப் பட்டியல் விலைப்படி இரண்டு கோர் தொகுப்பு 3,945 டாலர், வழங்கி உரிமம் 989 டாலர், அணுகல் உரிமம் 230 டாலர் ஆகும்.

* கோர் முறை: 4 தொகுப்புகள் × 3,945 = 15,780 டாலர்
* பயனர் முறை: 989 + (12 × 230) = 3,749 டாலர்

எந்தத் தள்ளுபடியும் இன்றி, முறையைத் தெரிவு செய்வதாலேயே செலவு நான்கில் ஒரு பங்கிற்கும் கீழே குறைகின்றது. இவ்வழங்கியைப் பொறுத்தவரை அணுகல் உரிமங்கள் 64 வரை பயனர் முறையே மலிவு. 65 முதல் கோர் முறை மலிவு.

இத்தொழிற்கூடத்தில் மூன்று பணிமுறைகளில் 36 பேர் அதே 12 கணினிகளையே பயன்படுத்தினால், ஆளுக்கொரு உரிமம் பெறுவதைவிடக் கருவிக்கொரு உரிமம் பெறுவதே சிக்கனம். வேறொரு பயன்பாட்டு மென்பொருளின் வழியாக மறைமுகமாக அணுகுபவர்களும் கணக்கில் சேர்வர் என்பது பலர் கவனிக்கத் தவறும் விதியாகும்.

தள்ளுபடி கிடைக்கும் வழிகள்

மொத்தக் கொள்முதல் ஒப்பந்தம், கல்வி நிறுவனங்களுக்கான சலுகை, மறுவிற்பனையாளருடன் விலை பேசுதல் ஆகியவை முறையான வழிகள். ஆரக்கிளின் நிதியாண்டு மே 31 அன்றும், மைக்ரோசாப்டின் நிதியாண்டு சூன் 30 அன்றும் முடிவடைகின்றன. விற்பனை இலக்கை எட்டவேண்டிய அந்நாட்களை ஒட்டி விலை பேசுவது வாங்குபவர்களின் வழக்கம்.

ஆரக்கிள் ஆதரவுக் கட்டணம் உரிமத்திற்குச் செலுத்திய தொகையில் ஆண்டுக்கு 22 விழுக்காடு ஆகும். கட்டணம் உயராவிட்டாலும் ஐந்து ஆண்டுகளில் அது உரிமத் தொகையை மிஞ்சிவிடும். எனவே உரிம விலையில் பெறும் தள்ளுபடி ஒவ்வோர் ஆண்டும் பயன் தருகின்றது.

கட்டணமற்ற பதிப்புகள்

எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் பதிப்பை வணிகத்திற்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஒரு தரவுத்தளத்தின் அளவு 2022 பதிப்பில் 10 கிகாபைட்டு வரையும், 2025 பதிப்பில் 50 கிகாபைட்டு வரையும் இருக்கலாம். டெவலப்பர் பதிப்பு முழு வசதிகளைக் கொண்டது. ஆயினும் உருவாக்கம், சோதனை ஆகியவற்றிற்கு மட்டுமே அனுமதிக்கப்படுகின்றது. அதில் நிறுவனத்தின் அன்றாடக் கணக்கை நடத்துவது உரிம மீறலாகும். ஆரக்கிளின் கட்டணமற்ற பதிப்பு பயனர் தரவை 12 கிகாபைட்டு வரை ஏற்கின்றது.

திறந்த மூலநிரல் தரவுத்தளங்கள்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1986 இல் தொடங்கிய திட்டத்தில் இருந்து வளர்ந்தது. அதன் உரிமத்தில் பயனர் கணக்கோ கோர் கணக்கோ இல்லை. மைஎஸ்கியூஎல் இரட்டை உரிமம் கொண்டது: பொதுமக்கள் உரிமமான ஜிபிஎல் ஒன்று, வணிக உரிமம் மற்றொன்று. நிறுவனத்திற்குள் பயன்படுத்த முதலாவதே போதும்; மூலநிரல் தராத மென்பொருளுடன் இணைத்து விநியோகிப்பவர்களுக்கே இரண்டாவது தேவைப்படும். ஆரக்கிள் 2010 இல் சன் நிறுவனத்தை வாங்கியபோது மைஎஸ்கியூஎல்லும் அதன் வசமானது. இதன் முதன்மை நிரலாளர் 2009 இலேயே மரியாடிபி என்னும் கிளைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தார்.

இந்திய அரசு 2015 இல் வெளியிட்ட கொள்கை, அரசுத் துறைகளில் திறந்த மூலநிரல் மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கின்றது. எனினும் உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று கொள்ளலாகாது. காப்பு நகல் எடுத்தல், பாதுகாப்பு மேம்படுத்தல் ஆகியவற்றிற்குப் பயிற்சி பெற்ற ஆள் தேவை.

மலிவு உரிமங்களின் இடர்

பட்டியல் விலையில் மிகச் சிறிய பங்கிற்கு விற்கப்படும் குறியீட்டு எண்கள், கல்வி நிறுவனங்களுக்கோ மொத்த ஒப்பந்தங்களுக்கோ வழங்கப்பட்டவையாக இருக்கலாம். அவ்வெண் மென்பொருளை இயங்கச் செய்யும். ஆனால் உரிமத்திற்குச் சான்றாகாது. தணிக்கையின்போது விலைச் சிட்டையும், நிறுவனத்தின் பெயரிலான உரிம ஆவணமுமே கேட்கப்படும்.

பயன்படுத்திய மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012 இல் யூஸ்டுசாப்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன் 63பி பிரிவின்படி, உரிமம் மீறிய நகல் என்று தெரிந்தே அதனைக் கணினியில் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். வணிக நோக்கம் இல்லாதவிடத்துச் சிறைத் தண்டனையைத் தவிர்த்து, 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

எனவே வாங்குபவர் முதலில் கோர்கள், கருவிகள், பயனர்கள், தரவின் அளவு ஆகிய நான்கையும் எண்ணி, பொருத்தமான பதிப்பையும் கணக்கிடும் முறையையும் தெரிவு செய்தபின்னர் தள்ளுபடியை நாடுவதே முறையாகும்.