பிழை பிறந்த வரி

திருமுடிவாக்கத்தில் வாழும் எனக்குத் தாம்பரம் சானடோரியம் அண்டையிலுள்ள இடம். 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து காசநோயாளர்க்கென அங்கே மருத்துவமனை நிறுவினார். காசநோயா, புற்றுநோயா என்னும் ஐயம் எழும்போது, நோயாளியின் உடலினின்று எடுத்த சிறு திசுத் துணுக்கே பல வேளைகளில் சான்று கூறுகிறது.

அச்சான்று அழியாமற் காப்பது ஃபார்மலின். 1893-இல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் புளூம் என்பவர் அதன் கிருமி கொல்லும் திறனை ஆராய்ந்தார். அப்போது தம் விரல்தோல் விறைத்திருப்பதைக் கண்டார். திசுவைக் கெடாமல் நிலைநிறுத்தும் வழி பிறந்தது.

ஃபார்மலினில் ஊறிய திசுவின் நீரை ஆல்கஹால் நீக்கும். ஆல்கஹாலைச் சைலீன் நீக்கும். அவ்விடத்தை உருகிய மெழுகு நிரப்பும். இறுகிய மெழுகுக் கட்டியை, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு கனமுள்ள ஏடுகளாகச் சீவிச் சாயமேற்றி, நுண்பெருக்கியில் காண்பர்.

சீவும்போது ஏட்டின் நடுப்பகுதி உதிர்ந்தால் கத்தியையே பழிக்கத் தோன்றும். சைலீன் பால்போற் கலங்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்தல் வேண்டும். கலங்கியிருப்பின், திசுவில் நீர் எஞ்சியுள்ளது, ஆல்கஹால் வலுவிழந்துள்ளது. மெழுகை உருக்கி, வந்த வழியே சைலீனுக்கும் ஆல்கஹாலுக்கும் மீண்டு, புதிய ஆல்கஹாலில் தொடங்கலாம். ஆனால் ஃபார்மலினில் இடத் தாமதித்தமையால் அழுகிய திசுவை மீட்க வழியில்லை.

விடை தவறினால் கடைசி வரியை அழித்துத் திருத்தாதீர்கள். பிழை பிறந்த வரியைத் தேடுங்கள் என்று கணக்கு வகுப்பில் நான் சொல்வதுண்டு. ஆய்வகத்திலோ, அவ்விடைக்காக ஒரு நோயாளி காத்திருக்கிறார்.